ஒரு துளி

நாஞ்சில் நாட்டில் கல்விக்குக் கொடை என்பது புதிய செய்தியன்று. 1809இல் மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய பள்ளி, நாகர்கோவிலுக்கு இடம்பெயர்ந்து 1893இல் கல்லூரியாக உயர்ந்தபோது, ஸ்காட் என்னும் கொடையாளரின் பெயரையே தாங்கிற்று. ஆயினும், இளங்கலை மாணவர் நன்றாகக் கற்க வேண்டும் என்பதற்காகவே வழங்கப்படும் நிதி வேறு வகையானது. கட்டடம் கண்ணுக்குத் தெரியும். கற்றல் தெரிவதில்லை அல்லவா?

முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் நான். எங்கள் ஆய்வுக்கூடத்தில் நால்வருக்கு ஒரு பியூரெட். துணிந்தவர் ஒருவர் தரம் பார்ப்பார். மற்ற மூவரும் அவர் சொல்லும் அளவைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். எழுதியவர்களுள் ஒருத்தி கடற்கரைச் சிற்றூரிலிருந்து வந்தவள். தம் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதன்முதலாக மிதித்தவள். எண்பதுகளின் இறுதியில் எங்கள் துறைக்குச் சிறியதொரு மானியம் வந்தது. ஆளுக்கொரு பியூரெட் வாங்கினோம். அவள் மூன்று முறை எல்லையைத் தாண்டிவிட்டாள், குடுவை கருஞ்சிவப்பாயிற்று. நான்காம் முறை, நிறமற்ற நீர்மம் ஒரே துளியில் இளஞ்சிவப்பாக மாறி நின்றது. "இவ்வளவுதானா சார், ஒரு துளிதானா?" என்றாள். இரண்டாண்டுகளாக அவள் எழுதிவந்த எண்களுக்கு அன்றுதான் பொருள் கிடைத்தது. மானியக் கணக்கை முடிக்கும் பயனீட்டுச் சான்றிதழில் பியூரெட்டின் விலைக்கு இடமிருந்தது, இதற்கு இல்லை.

2013இல் தொடங்கிய ரூசா திட்டம் கல்லூரிகளுக்கு இரண்டு கோடி ரூபாய் வரை வழங்கியது. அதில் பெரும்பகுதி புதுக்கட்டடத்துக்கும் பழுதுபார்ப்புக்குமே உரியது. இரண்டு பருவமழைகளும் பெய்யும் மாவட்டத்தில் ஒழுகும் கூரையை நான் இகழ மாட்டேன். ஆனால் உயிரித் தொழில்நுட்பத் துறை 2008இல் தொடங்கிய நட்சத்திரக் கல்லூரித் திட்டமே என் மனத்துக்கு நெருக்கமானது. வேதிப்பொருள், கண்ணாடிக் கலம், களப்பயணம் என்று மாணவரின் கைக்கு எட்டுவனவற்றை அது எண்ணிப் பார்த்தது.

கண்ணாடி உடையும், மானியக் காலமும் முடியும். பிறகு? பிடியரிசி சேர்த்துக் கோவில் எழுப்பிய மக்கள் நாம். எங்கள் பழைய மாணவர் சங்கம் சென்ற ஆண்டு நுழைவாயில் வளைவொன்று கட்ட முன்வந்தது. ஆண்டுதோறும் உடைபவற்றை ஈடுசெய்ய ஒரு வைப்புநிதி தொடங்கலாமே என்றேன். "பியூரெட்டில் பெயரை எங்கே பொறிப்பது?" என்று நண்பர் ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தனர். முடிவு எட்டப்படவில்லை. அடுத்த மாதம் சங்கம் மீண்டும் கூடுகிறது.