பாசின்னு கூப்பிடாதீங்க பாஸ்!

காலேஜ்ல ஒரு தடவை பட்டப்பேர் விழுந்துட்டா, டிகிரி வாங்கினாலும் போகாது இல்லையா? சயனோபாக்டீரியாவுக்கும் அதே கதிதான் ஃப்ரெண்ட்ஸ்!

'நீலப்பசும்பாசி'ன்னு ஸ்கூல்ல படிச்சோமே... அது பாசியே இல்லை. செல்லுக்குள்ள நியூக்ளியஸ் கிடையாது; அக்மார்க் பாக்டீரியா! ஆனா, செடி மாதிரி ஒளிச்சேர்க்கை செஞ்சு ஆக்சிஜன் விடுதே! அதனால, தாவரவியல்காரங்க தங்களோட விதிப்படி பேர் வெச்சாங்க. 1978-ல் ரோஜர் ஸ்டேனியரும் அவர் சகாக்களும், 'பாக்டீரியாவுக்கான விதிப்படிதான் வைக்கணும்'னு கொடி பிடிச்சாங்க. இன்னிக்கும் ரெண்டு விதிப்படியும் பேர் வைக்கிறாங்க!

சிவில் படிக்கிற எனக்கு, இது வெறும் பேர்ச் சண்டை இல்லை. 2014 ஆகஸ்ட்ல அமெரிக்காவின் டொலீடோ நகரக் குடிநீர்ல இதோட நஞ்சு கலந்துடுச்சு. சுமார் 4 லட்சம் பேருக்கு, 'குழாய்த் தண்ணியைக் குடிக்காதீங்க'ன்னு உத்தரவு. கொதிக்க வெச்சாலும் போகாத நஞ்சு அது! குளத்துல பச்சைப் பெயின்ட் கொட்டின மாதிரி மிதந்தா, 'வெறும் பாசிதானே'ன்னு குதிச்சிடாதீங்க.

அதுக்காக வில்லன் பட்டமும் கட்டிடாதீங்க. சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்னாடி, காத்துல ஆக்சிஜன் சேரக் காரணமே இவங்கதான். இப்போ நீங்க இழுக்குற மூச்சுக்குப் பிள்ளையார் சுழி போட்டவங்களை, சரியான பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாமா?