பி0135 வந்தால் சென்சார் போச்சா?

மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூருக்குச் சில கிலோமீட்டர்தான். பேங்க், உரக்கடை என்று தினமும் பெட்ரோல் காரில் போய் வருபவர்களுக்கு என்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் சின்னமனூர் வந்துவிடும். இப்படிச் சின்ன ஓட்டம் மட்டுமே ஓடும் காரில் ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர் வேலை செய்யாவிட்டால் நஷ்டம் அதிகம்.

காரணம் இதுதான். சைலன்சர் குழாயில் இருக்கும் இந்த சென்சார், புகையில் ஆக்சிஜன் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துச் சொல்லும். அதை வைத்துத்தான் ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். ஆனால் உள்ளே இருக்கும் சிர்கோனியா பீங்கான் சுமார் 300 டிகிரிக்கு மேல் சூடானால்தான் சரியாக வேலை செய்யும். 1976-ல் வோல்வோ காரில் முதலில் வந்தபோது புகையின் சூடு மட்டும்தான் அதற்கு. 1982-ல் பாஷ் கம்பெனி உள்ளேயே ஹீட்டர் வைத்தது. அந்த ஹீட்டர் போனால் வண்டி நிற்காது, ஓடும். சூடேறும் வரை ஈசியூ குத்துமதிப்பாகப் பெட்ரோல் விடும், அவ்வளவுதான்!

செக் என்ஜின் லைட் எரிகிறது, ஸ்கேனரில் பி0135 என்று காட்டுகிறது. உடனே "சென்சார் போச்சு, மாத்தணும்" என்பார்கள். சில ஆயிரம் ரூபாய் செலவு. ஆனால் அந்த கோட் சொல்வது ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு என்று மட்டும்தான். சர்க்யூட் என்றால் ஃபியூஸ், ரிலே, வயர், கனெக்டர் எல்லாமும் சேர்த்தி. வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஒப்புக்கொள்வாரா? மீட்டர் ரீடிங் இல்லாமல் சென்சார் வாங்குவதும் அப்படித்தான்.

முதலில் ஃபியூஸ். பின் சென்சாருக்கான பி0141-ம் சேர்ந்தே வந்திருந்தால் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். இரண்டு ஹீட்டரும் ஒரே நாளில் சாவது அபூர்வம், பல கார்களில் இரண்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான். சில ரூபாயில் வேலை முடியும்.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் என்ஜின் ஆறட்டும். (அவசரப்பட்டால் கை வெந்துவிடும்.) கனெக்டரைக் கழற்றி, சென்சார் பக்கம் உள்ள நாலு வயரில் ஒரே நிறமாக இருக்கும் இரண்டில் மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்க்க வேண்டும். அநேகமாக அவைதான் ஹீட்டர் வயர்கள். மாடலுக்கு மாடல் மாறினாலும், பொதுவாக 2 முதல் 15 ஓமுக்குள் வரும். மீட்டர் எதுவுமே காட்டாமல் திறந்த சர்க்யூட் என்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது, அப்போது சென்சார் வாங்கலாம்.

ரீடிங் சரியாக இருந்தால் வண்டிப் பக்கக் கனெக்டரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சில கார்களில் என்ஜின் ஓடினால்தான் வரும். வராவிட்டால் ரிலே, இல்லையேல் வயர். நெல் வயல் சூழ்ந்த ஊரில் வயரைக் கடிக்க எலிக்குச் சொல்லியா தர வேண்டும்? 12 வோல்ட் வந்தும் கோளாறு தீரவில்லை என்றால், ஈசியூ எர்த் கொடுக்கும் வயரையும் கனெக்டரில் உள்ள துருவையும் பார்க்க வேண்டும்.

சரி செய்ததும் கோடை அழித்துவிட்டு அப்போதே ஓட்டிப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்து ஓட்ட வேண்டும். அப்படி இரண்டு மூன்று காலை ஓட்டியும் லைட் வரவில்லையென்றால் சரி. வந்தால் மறுபடி வயரைத் தடவ வேண்டியதுதான்.