கொலுவில் வந்த தாம்பரம் வண்டி

கொலு வைக்கிற வீட்டில் படிகளுக்குக் கீழே ஒரு பார்க் இல்லாவிட்டால் குழந்தைகளுக்கு அது கொலுவே அல்ல. தசாவதாரமும் அஷ்டலக்ஷ்மியும் பெரியவர்களுக்கு. குழந்தைகளுக்கோ தரையில் முளைத்திருக்கும் கேழ்வரகு வயலும், கண்ணாடித் துண்டில் செய்த குளமும், மணல் ரஸ்தாவும்தான் முக்கியம்.

போன நவராத்திரிக்குப் பெங்களூரிலிருந்து வந்த என் பேரன், அந்தப் பார்க்கைச் சுற்றி ஓட விடுவதற்கு ஒரு ரயில் கொண்டு வந்தான். சின்னத் தண்டவாளம், மின்சாரத்தில் ஓடும் எஞ்சின், பின்னால் மேலே ஒன்றுமில்லாத மூன்று தட்டை வாகன்கள். எல்லாம் சீமைச் சரக்கு. ஒரு சுற்று ஓடியதும் பையன் முகம் சுருங்கிவிட்டது.

"பாட்டி, இதில் ஜனங்கள் ஏறவே பெட்டி இல்லையே! தாம்பரத்தில் இந்த வண்டி எதற்கு நிற்கும்?"

ஊஞ்சலில் பேப்பர் படித்துக் கொண்டிருந்த என் பிள்ளை தலையை நிமிர்த்தாமல் சொன்னான்: "பாட்டியைக் கேள். தீப்பெட்டி ரயில் விஷயமெல்லாம் பாட்டிக்கு நன்றாகத் தெரியும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

1984-ஆம் வருஷம். அவனுக்கு ஒன்பது வயசு. அப்போதெல்லாம் எங்கள் தெருவில் நின்றால் கடற்கரைக்கும் தாம்பரத்துக்குமாக மீட்டர் கேஜ் மின்சார வண்டி போகிற சத்தம் கேட்கும். 1931-இல் ஓட ஆரம்பித்த வண்டி அது. 2004-இல்தான் மீட்டர் கேஜுக்கு விடை கொடுத்தார்கள். அந்த வண்டியைப் பார்த்துப் பார்த்து, ஒரு மாதமாகக் காலித் தீப்பெட்டிகளைச் சேர்த்து, சட்டைப் பித்தானைச் சக்கரமாக்கி, பையன் ஒரு ரயில் செய்து பரணில் வைத்திருந்தான். போகியன்று விடியற்காலையில் கிழிந்த பாயோடும் பழந்துணியோடும் அதையும் வாரி நெருப்பில் போட்டுவிட்டேன். குப்பை என்றுதான் நினைத்தேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்த குழந்தை, "அதையுமா போட்டுட்டே?" என்றான். அவ்வளவுதான். அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் கையால் ஒன்றும் செய்து நான் பார்த்ததில்லை.

"வாடா, பெட்டி நாமே செய்யலாம்" என்று பேரனை அழைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன்.

கணக்கெல்லாம் அவனுடையது. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். அதை அறுபதால் பெருக்கினால் ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆக, அறுபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் சீமைத் தண்டவாளமே நம் பழைய மீட்டர் கேஜ் ஆகிவிடுகிறது! அந்தக் கணக்கில் பெட்டியின் அகலம் நாலரை சென்டிமீட்டர். நீளத்தை அப்படியே எடுத்தால் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். சின்ன வளைவில் திரும்பாது. ஆகையால் ஜன்னல்களைக் குறைத்து, வாகனின் நீளமே போதும் என்று 18-க்கு நிறுத்திக்கொண்டோம்.

வீட்டில் கல்யாணப் பத்திரிகைகளுக்கா பஞ்சம்? கெட்டி அட்டையாக ஒன்றை எடுத்து, மடிப்பதற்கு முன்பே ஜன்னல்களை வெட்டிக்கொண்டோம். மடித்த பிறகு வெட்டினால் அட்டை நசுங்கிவிடும். ஜன்னல் கம்பிக்குக் கறுப்பு நூல். கதவுக்குப் பக்கத்துக் கைப்பிடிக்கு ஈர்க்குச்சி. மேற்கூரை வளைவாக வரவேண்டுமே? அட்டையை லேசாக நனைத்துச் சப்பாத்திக் குழவியில் சுற்றி, நூலால் கட்டி, ஒரு ராத்திரி வைத்தோம். காலையில் அசல் ரயில் கூரை!

முதலில் மைதாப் பசையால் ஒட்டினேன். ஈரத்தில் அட்டை முறுக்கிக்கொண்டது. மறு பெட்டிக்கு ஃபெவிகாலை மெல்லியதாகத் தடவினோம், சரியாக நின்றது. வர்ணத்துக்குக் கடைக்குப் போகவில்லை. கோலத்துக்கு இடும் காவிப் பொடியையே ஃபெவிகால் தண்ணீரில் குழைத்துப் பூசினோம். முன்பு எழும்பூரிலிருந்து தெற்கே போன வண்டிகளின் செங்கல் நிறம் அப்படியே வந்துவிட்டது. உட்புறமும் பூசவேண்டும், ஒரு பக்கம் மட்டும் பூசினால் காய்ந்ததும் அட்டை வளையும். கடைசியில் சக்கரத்துக்கு மேலே துளி விபூதி தடவினேன். செங்கல்பட்டுப் புழுதி என்றான் பேரன்.

விலை கொடுத்து வாங்கிய வாகனை வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. பெட்டியை மூடி மாதிரி அதன்மேல் கவிழ்த்தோம். பக்கவாட்டில் இருந்த இடைவெளிக்கு உள்பக்கமாக ஐஸ்கிரீம் குச்சிகளை ஒட்டினோம், ஆடாமல் உட்கார்ந்தது.

சாயங்காலம் விளக்கேற்றி வண்டியை ஓட்டினோம். முதல் வளைவிலேயே பெட்டி சாய்ந்து கேழ்வரகு வயலில் விழுந்தது. இன்னொரு தரம், மறுபடியும் வயல். பேரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஊஞ்சல் நின்றது. என் பிள்ளை எழுந்து வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான்.

"கனம் போதாதுடா. மேலே கனம் வைத்தால் குடை சாயும். கீழே வைக்கணும்" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ரூபாய் நாணயங்களை எடுத்து, வாகன் தளத்தில் சக்கரங்களுக்கு நேர் மேலாக முன்னும் பின்னும் இரண்டிரண்டாக ஒட்டினான். பெட்டியைக் கவிழ்த்தான். வண்டி வளைவைத் தாண்டியது. அப்புறம் கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்து, "தீப்பெட்டி ரயிலுக்கும் அடியில் கூழாங்கல்தான் வைத்திருந்தேன், அம்மா" என்றான்.

நாற்பது வருஷம் கழித்துக் கேட்டேன், "கோபமாடா?" என்று. பதில் சொல்லவில்லை. "இன்னும் ரெண்டு பெட்டிக்கு அட்டை இருக்கா?" என்றான்.

நவராத்திரி முடிந்தது, அவர்கள் ஊருக்குப் போனார்கள். மார்கழிக் கடைசியில், போகிக்கு முதல் நாள், டெலிபோன் வந்தது.

"அம்மா, பரண் ஒழிக்கிறாயா?"

"ஒழித்தாயிற்று. உன் பெட்டி மூன்றும் பழைய வேஷ்டியில் சுற்றி, மரப்பாச்சிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்குடா" என்றேன்.