வில்லின் முதுகுக்குத் தோல்: சில குறிப்புகள்

வில்லை வளைக்கும்போது எய்பவரைப் பார்க்கும் வயிற்றுப்பக்கம் அமுங்கும். இலக்கைப் பார்க்கும் முதுகு இழுபடும். மரவில் உயிரை விடுவது பெரும்பாலும் முதுகில்தான். முதலில் மெல்லிய சிராய் ஒன்று எழும்பும். அதைக் கவனிக்காமல் மறுபடி நாணை இழுத்தால் வில் இரண்டு துண்டு. அந்தச் சிராயை எழும்பவிடாமல் அழுத்திப் பிடிக்கத்தான் முதுகில் பச்சைத்தோல் ஒட்டுகிறார்கள்.

*

தோல் ஒட்டினால் அம்பு வேகமாகப் போகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதுகில் தசைநார் ஒட்டினால் அது வில்லின் விசையில் பங்கெடுக்கும். பச்சைத்தோல் காவலுக்கு மட்டும். நுனிகளில் அதன் எடை கூடினால் அம்பு மந்தமாகும். அரை மில்லிமீட்டர் கனம் தாராளம். நுனியில் இன்னும் மெலிதாகச் சீவலாம்.

*

சான்பிரான்சிஸ்கோவில் அறுவை மருத்துவராக இருந்த சாக்ஸ்டன் போப், யாஹி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தின் கடைசி மனிதரான இஷியிடம் வில்வித்தை கற்றவர். இஷிக்கு வைத்தியம் பார்த்தவரும் போப்தான். இஷி 1916இல் காசநோயில் இறந்தார். ஜூனிபர் மரத்தில் வில் செய்து அதன் முதுகில் மானின் தசைநாரை ஒட்டுவது இஷியின் வழக்கம். போப் யூ மரத்துக்கு மாறினார், கன்றுத்தோலை ஒட்டினார். செயற்கைக் கால் செய்பவர்களிடம் அந்தத் தோல் கிடைக்கும் என்று 1923இல் வெளிவந்த தம் வில்வேட்டை நூலில் எழுதியிருக்கிறார். கற்றதை அப்படியே வைத்துக்கொள்ளாமல் கைக்கு எட்டிய பொருளில் செய்து பார்த்த அந்த மனம் எனக்கு மிகவும் பிடிக்கிறது.

*

தோல் தயாராகும் விதம்: சுண்ணாம்புத் தண்ணீரிலோ சாம்பல் கரைசலிலோ ஊறினால் மயிர் இளகும். உருண்டைக் கட்டைமேல் விரித்து, மழுங்கிய கத்தியால் மயிரைத் தள்ளி, மறுபக்கத்துச் சதையையும் கொழுப்பையும் வழித்தெடுக்க வேண்டும். சுண்ணாம்பு போகக் கழுவி, சட்டத்தில் இழுத்துக் கட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். பதனிடுவது கிடையாது. நம் பறையில் இழுத்துக் கட்டும் தோலும் இந்த வகைதான்.

முதுகெலும்பை ஒட்டிய பகுதியில் வார் வெட்டுவது நல்லது. வயிற்றுத்தோல் கனம் சீராக இராது, இழுத்தால் நீளும். அமெரிக்காவில் நாய் கடிப்பதற்கென்று விற்கும் தோல் முடிச்சை ஊறவைத்துப் பிரித்து, அதிலேயே வார் எடுப்பவர்களும் உண்டு.

*

தோலை ஒட்டும் பசையான வஜ்ஜிரமும் தோலைக் காய்ச்சி எடுத்ததுதான். தோல், தசைநார், வஜ்ஜிரம் மூன்றுக்கும் அடிப்படை கொலாஜென் என்ற ஒரே புரதம். வஜ்ஜிரத்தைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, 60 டிகிரி செல்சியஸை ஒட்டி உருக்க வேண்டும். கொதித்தால் பிடிப்பு போய்விடும். வாரை ஊறவைக்க வெதுவெதுப்பான நீருக்கு மேல் சூடு ஆகாது. சுடுநீர் பட்ட தோல் சுருண்டு தடித்துவிடும். அதை மீட்க முடியாது.

*

ஒட்டும் வேலை: மரத்தின் முதுகை உப்புத்தாளால் தேய்த்து, சோப்பு நீரில் எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு நீர்த்த பசையை ஒருமுறை பூசி உலர்த்த வேண்டும். அதன்மேல் கெட்டிப் பசை. வில்லின் பாதிக்கு ஒன்றாக இரண்டு வார்களை, அவை கைப்பிடியில் சந்திக்குமாறு, சதைப்பக்கம் மரத்தில் படிய வைப்பார்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கிக் கட்டைவிரலால் தள்ளத் தள்ள, தோலுக்கடியில் மாட்டிக்கொண்ட காற்று நகரும். ஓரத்தில் பசை முத்து முத்தாகப் பிதுங்கும். வில் நெடுக அப்படிப் பிதுங்கிய பிறகே துணியால் இறுகச் சுற்ற வேண்டும்.

*

மறுநாள் துணியைப் பிரிக்கலாம், ஆனால் நாணேற்றக் கூடாது. தோலிலும் பசையிலும் இருந்த ஈரத்தை மரம் குடித்திருக்கும். ஈரமரத்தை வளைத்தால் வளைந்தபடியே நின்றுவிடும். ஒரு வாரமாவது விட வேண்டும், மழைக்காலமென்றால் இன்னும் கூடுதலாக. காயும் தோல் சுருங்கி வில்லைச் சற்று முன்பக்கம் இழுக்கும். பிறகு ஓரத்தை அரத்தால் சீர்செய்து வார்னிஷ் பூச வேண்டும். நனைந்தால் தோலும் இளகும், வஜ்ஜிரமும் விட்டுவிடும்.

*

மரத்தைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. முதுகு நெடுக ஒரே ஆண்டு வளையம் அறுபடாமல் ஓடினால் தோலே தேவைப்படாது. ரேகை இலேசாக விலகியிருந்தால் தோல் உதவும். ரேகை குறுக்கே ஓடி விளிம்பில் முடிகிறதா, ஏற்கெனவே வெடிப்பு இருக்கிறதா, அந்தக் கட்டையைத் தோலால் மூடி ஆசைப்படாதீர்கள், ஒதுக்கிவிடுங்கள். வில் முறியும்போது அதற்கு மிக அருகில் இருப்பது எய்பவரின் முகம்.