தலையைச் சுற்றி வரும் மின்சாரம்

ஜப்பானில் சில ஆடியோ பித்தர்கள் சுத்தமான மின்சாரத்துக்காகச் சொந்த மின்கம்பமே நட்டிருக்கிறார்கள். அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் கூரையில் சோலார் பேனலும் வீட்டுக்குள் பேட்டரியும் வைத்திருப்பவர், பாட்டுக் கேட்க இன்னும் பெரிய இன்வெர்ட்டர் தேடுவதுதான் எனக்கு விளங்கவில்லை. பேட்டரி தருவது நேர்மின்னோட்டம். இன்வெர்ட்டர் அதை 230 வோல்ட் மாறுமின்னோட்டமாக்குகிறது. ஆம்ப்ளிஃபயருக்குள் போனதும் அது மறுபடி நேர்மின்னோட்டமாகிறது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலை. ஒவ்வொரு மாற்றத்திலும் இழப்பு; பாட்டே ஓடாவிட்டாலும் இன்வெர்ட்டர் தன் பங்கைத் தின்றுகொண்டிருக்கும். மலிவான சதுர அலை வகை என்றால் ஸ்பீக்கரில் ரீங்காரம் வேறு. 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் 'டி' வகுப்பு ஆம்ப்ளிஃபயருக்கு இந்தச் சுற்றே தேவையில்லை.

“12 வோல்ட்டில் என்ன சத்தம் வந்துவிடும்?” நியாயமான கேள்வி. 8 ஓம் ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சம் 9 வாட், 4 ஓம் என்றால் 18. கல்யாண மண்டபத்துக்குப் போதாதுதான். ஆனால் 88 டெசிபல் உணர்திறனுள்ள ஸ்பீக்கர், 1 மீட்டர் தூரத்தில் 1 வாட்டிலேயே 88 டெசிபல் தரும். வீட்டுக் கூடத்தில் அதுவே உரத்த சத்தம். மிச்ச வாட்டுகள் மிருதங்கத்தின் திடீர் அடிகளுக்கு. 100 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தாலும் 600 வாட்-மணி கிடைக்கும். 15 வாட் இழுக்கும் அமைப்பு அதில் 40 மணி நேரம் பாடும். சும்மா இருக்கும்போதே சூடாகும் 'ஏ' வகுப்பு ஆம்ப்ளிஃபயர் காதலர்களுக்கு இந்தக் கணக்கு உதவாது, மன்னிக்கவும். பேட்டரி என்றாலே நிசப்தம் என்பதும் மிகைதான்: சார்ஜ் கன்ட்ரோலரின் இரைச்சல் அதே வயர் வழியாக உள்ளே வரலாம். பகலில் கேட்கும் கிர்ர் சத்தம் பொழுது சாய்ந்ததும் நின்றுவிட்டால், முதலில் அந்தக் கன்ட்ரோலரைச் சந்தேகியுங்கள்.