ஆளுக்கொரு இயர்பட்... அப்பாவும் நானும்!

'கடவுள் நம்பிக்கை இருக்கா?' என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. ஆனால், மார்கழியில் காலை ஐந்தரைக்கு மயிலாப்பூர் மாட வீதியில் நடப்பேன். காரணம், அப்பா. போன வருஷம் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். 'தினமும் நடக்கணும். தனியா விடாதீங்க' என்றார் டாக்டர்.

கோயிலைச் சுற்றி நான்கு வீதிகள், மூன்று சுற்று. கோலங்களை மிதிக்காமல் வளைந்து வளைந்து போவதே தனிப் பயிற்சிதான். பாபநாசம் சிவன் மார்கழிதோறும் பஜனை பாடி வலம்வந்த வீதிகள் இவை.

அப்பாவுக்கு எம்.எல்.வசந்தகுமாரி பாடிய திருப்பாவை வேண்டும். மொத்தம் 30 பாசுரங்கள், நாளுக்கு ஒன்று என்பது அவர் கணக்கு. எனக்கு இளையராஜா. ஒரே செல்போன், ஆளுக்கு ஒரு இயர்பட். முதல் சுற்று ஆண்டாள், அடுத்தது ராஜா. மூன்றாவதில் சண்டையே வராது. 2005-ல் ராஜா இசையமைத்த 'திருவாசகம்' இருவருக்கும் பிடிக்கும்.

அப்பாவுக்கு மூச்சு வாங்கினால் என் நடையும் தானாகக் குறையும். கோபுரத்தைப் பார்த்து அவர் கைகூப்பும்போது நானும் நிற்பேன். 'இவர் இன்னும் பல மார்கழி நடக்கணும்' என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

யாரிடம் சொல்கிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள்!