முளைப்பாரியும் ஒரு செக் கிராமத்து ராஜாவும்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

செக் நாட்டில் வேலை பார்க்கும் நம் பள்ளியின் பழைய மாணவர் ஒருவர், "டீச்சர், நம்ம ஊர்த் திருவிழா மாதிரியே இருக்கு, பாருங்க" என்று ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். செக் நாடு என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் கமில் சுவெலபில் ஐயாதான். 1927இல் பிராகில் பிறந்து, தமிழ் படித்து, நம் இலக்கியத்தைப் பற்றி உலகத்துக்கு எழுதியவர். அவர் நாட்டுக் கிராமங்களை இப்போதுதான் பார்த்தேன்.

அந்த நாட்டின் தென்கிழக்கில் விள்ச்னோவ் என்றொரு கிராமம். மே மாதக் கடைசியில் அங்கே 'ராஜாக்களின் குதிரைச் சவாரி' நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்தான் ராஜா. அவனுக்குப் பெண் உடை உடுத்தி, முகத்தை மறைக்கும்படி ரிப்பன்களைத் தொங்கவிட்டு, வாயில் ஒரு ரோஜாவைக் கவ்வக் கொடுத்துவிடுகிறார்கள். சவாரி முடியும்வரை அவன் பேசக் கூடாது. கூட வரும் வாலிபர்கள் வீட்டுக்கு வீடு நின்று கேலிப் பாட்டுச் சொல்லிக் காணிக்கை வாங்குகிறார்கள். 2011இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. குளிர்காலம் முடியும்போது வைக்கோலில் ஒரு பொம்மை செய்து, 'மொரானா' என்று பேர் வைத்து, பாடிக்கொண்டே ஊருக்கு வெளியே கொண்டுபோய் ஆற்றில் விடுகிறார்கள். குளிரும் சாவும் அதோடு போய்விடும் என்பது நம்பிக்கை. படித்ததும் எனக்கு நம் முளைப்பாரிதான் நினைவுக்கு வந்தது.

சாமி சாட்டிக் காப்புக் கட்டியதும், மண்சட்டியில் எருவும் வைக்கோலும் பரப்பி, ஊறவைத்த தட்டை, பாசி, மொச்சையைத் தூவி, வெயில் படாத அறையில் வைப்போம். வெளிச்சம் படாததால் வெளிர் மஞ்சளாக நெடுநெடுவென்று வளரும். பொழுது சாய்ந்தால் நடுவில் வைத்துக் கும்மி. கடைசி நாள் தலையில் சுமந்து போய்த் தண்ணீரில் கரைப்போம். குடகனாற்றில் தண்ணீர் இல்லாத வருஷம் கிணறுதான். அவர்கள் சாவை ஆற்றில் விடுகிறார்கள், நாம் விளைச்சலைக் கேட்டு முளையை விடுகிறோம். இரண்டு ஊரிலும் கேட்பது நல்ல காலத்தைத்தான்.

யானாச்செக் என்ற செக் இசைமேதை 1909 முதல் போனோகிராப் கருவியோடு நாட்டுப்பாடல்களைப் பதிவு செய்ய ஏற்பாடு செய்தாராம். இங்கே நா. வானமாமலை ஐயா 1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலைக் கொண்டுவந்தார். பதிவு செய்வது பெரிய தொண்டு. ஆனால் அது மட்டும் போதாது என்பதை எங்கள் சின்னம்மா எனக்குக் காட்டினார்.

சின்னம்மாவுக்கு எண்பத்திரண்டு வயது. எங்கள் தெருவில் கும்மிப்பாட்டு முழுதாகத் தெரிந்தவர் இப்போது அவர் ஒருவர்தான். நாற்காலியில் உட்காரவைத்து முன்னால் போனை நீட்டினால் இரண்டு வரியோடு நின்றுவிடுகிறார். "மறந்துபோச்சுத்தா" என்கிறார். அதே சின்னம்மாவைச் சுற்றி நாலு பேர் நின்று கைதட்டினால், மூன்றாவது சுற்றில் பாட்டு தானாக வருகிறது. பாட்டு அவர் நாக்கில் இல்லை, கையிலும் காலிலும் இருக்கிறது.

விள்ச்னோவில் ஒவ்வொரு வருஷமும் புதிதாகப் பதினெட்டு வயதாகும் பையன்கள்தான் சவாரிக்குப் பொறுப்பு. முறை வந்தால் செய்தே ஆகவேண்டும். வழக்கம் நிலைக்கக் காரணம் இந்த முறைதான், யுனெஸ்கோ பட்டியல் அப்புறம். நம் தெருவில் போன திருவிழாவுக்கு முளைப்பாரி எடுத்தவர்கள் பதினோரு பேர். பாதிப்பேர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். இளையவர்கள் மில் ஷிப்டிலும் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, பிழைப்பு அப்படி.

என் வேண்டுகோள் இதுதான். அடுத்த சாட்டுக்கு வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து வாருங்கள். ஒரு சாயங்காலம் போதும். பையன்களும் வரலாம், கைதட்ட ஆள் வேண்டும். பேர் கொடுப்பவர்கள் கீழே எழுதுங்கள், நான் நோட்டில் குறித்துக்கொள்கிறேன். வருகிறவர்கள் சின்னம்மாவுக்குக் கொழுந்து வெற்றிலை வாங்கி வாருங்கள். அது இல்லாமல் அவர் ஆரம்பிக்க மாட்டார்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், வேடசந்தூர்.